பிளேனர்-திக்னஸர்: வீட்டுப் பட்டறைக்கு வாங்குவதும் ஓட்டுவதும்

மரக்கடையில் நேராகத் தெரிந்த பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து, சமமான டைல்ஸ் தரையில் கிடத்தி, ஒரு மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் எதிர் மூலை எழும்பும். அறுவை மில் ரம்பம் விட்டுப்போன தடங்கள் போதாதென்று, காயும்போது மரம் தானாக வாங்கிக்கொண்ட வளைவும் முறுக்கும் அதில் இருக்கும். அப்படியே அளந்து அறுத்துப் பூட்டினால் மூலைமட்டம் எங்கேயும் ஒட்டாது. ஸ்டூல் ஆடும், அலமாரிக் கதவு மூடாது.

இதைச் சரிசெய்யத் தச்சர்கள் காலங்காலமாக இழைப்புளியை நம்பினார்கள். அதே வேலையை மோட்டாரால் செய்வது பிளேனர்-திக்னஸர். ஒரே உடலில் இரண்டு இயந்திரங்கள். கத்திகள் பூட்டிய உருளையும் அதைச் சுற்றும் மோட்டாரும் இரண்டுக்கும் பொது. மேல்மேசையில் பலகையைக் கையால் தள்ளினால் அதன் அடிமுகம் தட்டையாகும். நம் ஊர்க் கடைகளில் இதற்கு சர்ஃபேஸ் பிளேனர் என்று பெயர். அதே உருளைக்குக் கீழே இருக்கும் மேசையில் பலகையை நுழைத்தால், இழுப்பு உருளைகள் அதை உள்ளே வாங்கிக்கொள்ள, மேல்முகம் சீவப்பட்டுச் சீரான கனத்தில் மறுபுறம் வெளிவரும். இது திக்னஸர்.

புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: திக்னஸர் பலகையைத் தட்டையாக்காது. வளைந்த பலகையை இழுப்பு உருளைகள் அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. கத்தி சீவி முடித்ததும் அழுத்தம் விலகுகிறது. பலகை பழைய வளைவுக்கே திரும்பிவிடுகிறது. உள்ளே போனது கனமான வளைந்த பலகை என்றால் வெளியே வருவது மெல்லிய வளைந்த பலகை. அடிமுகம் எப்படியோ மேல்முகமும் அப்படி. ஆகவே முதல் முகத்தை ஒழுங்காக எடுக்கும் மேல்மேசையைப் பார்த்துத்தான் இயந்திரத்தை வாங்க வேண்டும். விளம்பரங்கள் குதிரைத்திறனையும் திக்னஸரின் உயரத்தையும் பெரிய எழுத்தில் போடுகின்றன. மேசை எவ்வளவு நீளம், எவ்வளவு நேர் என்பதைச் சொல்வதில்லை.

எதை வாங்குவது

வீட்டுப் பட்டறைக்கு 6, 8, 10, 12 அங்குல அகலங்களில் இணைந்த இயந்திரங்கள் கிடைக்கின்றன. 8 அங்குலம் வரையிலான சிறிய வகைகளில் பெரும்பாலும் அலுமினிய மேசையும், கார்பன் பிரஷ் வைத்த 1,500 வாட் மோட்டாரும் இருக்கும். தூக்கி ஓரமாக வைக்கலாம், சாதாரண வீட்டு மின்இணைப்பே போதும். ஆனால் காது கிழியும். 10 அங்குலமும் அதற்கு மேலும் போனால் வார்ப்பிரும்பு மேசை, 2 முதல் 3 குதிரைத்திறன் இண்டக்‌ஷன் மோட்டார் என்று எடை கூடுகிறது. இண்டக்‌ஷன் மோட்டார் அமைதியாக ஓடும். பத்து ஆண்டு கழித்து எரிந்துபோனாலும் காயில் கட்டித்தர ஊருக்கு ஒருவர் இருக்கிறார். இடமும் பணமும் இருந்தால் நான் கைகாட்டுவது 10 அங்குலத்தைத்தான்.

மேல்மேசையின் மொத்த நீளத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளமுள்ள பலகை வரை நம்பி நேர்ப்படுத்தலாம் என்பது பொதுக்கணக்கு. மேசை 1 மீட்டர் என்றால் 2 மீட்டர்ப் பலகை. கட்டில் சட்டமும் கதவு நிலையும் செய்ய நினைப்பவர் இதை முதலில் பார்க்க வேண்டும். ஸ்டூல், பெட்டி, சிறு அலமாரி என்றால் குட்டை மேசையே போதும்.

கடைக்குப் போகும்போது ஒரு மீட்டர் நீள இரும்பு நேர்கோலையும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மேல்மேசை உருளைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு மேசைகளாக இருக்கும்; அவற்றை ஒரே மட்டத்துக்கு ஏற்றச் சொல்லி, கோலை நெடுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்துப் பாருங்கள். மேசைகள் ஒரே தளத்தில் அமையாமல் நடுவில் தொய்ந்தோ புடைத்தோ இருந்தால், அதைச் சரிசெய்யும் திருகாணிகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பலகையை ஒட்டித் தள்ளப் பக்கவாட்டில் நிற்கும் தடுப்பான ஃபென்ஸைக் கையால் அசைத்துப் பாருங்கள்; பூட்டிய பிறகும் அசைந்தால் பலகையின் விளிம்பு ஒருநாளும் 90 பாகைக்கு வராது.

சுவிட்சைக் கவனியுங்கள். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது தானாக ஓடத் தொடங்காத வகையாக இருக்க வேண்டும். மின்வெட்டுக்கு நடுவில் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு இதன் அருமை தெரியும். பழைய இயந்திரமோ உள்ளூர்த் தயாரிப்போ வாங்கினால் உருளையின் வடிவத்தைப் பாருங்கள். கத்தி பூட்டிய உருளை வட்டமாக இருக்க வேண்டும். சதுரக் கட்டையாக இருக்கும் பழைய வகையில், உருளைக்கும் மேசைக்கும் இடையே விரல் முழுதாக உள்ளே போகும் இடைவெளி உண்டு. அதை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெரிய பட்டறைகள் கழிக்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் மூன்று பேஸ் மோட்டாரில் ஓடுபவை, ஒற்றை பேஸ் வீட்டு இணைப்பில் அப்படியே ஓடாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. இடம் இல்லாதவர்கள் மேசைமேல் வைக்கும் தனித் திக்னஸர் ஒன்றை வாங்கி, முதல் முகத்தை இழைப்புளியால் எடுக்கலாம். மகிட்டாவின் 2012என்பி 304 மி.மீ. அகலம் சீவும்; டிவால்ட் 735 மூன்று கத்திகளுடன் 13 அங்குலம் சீவும். முதல் முகம் கண்ணாடிபோல் வர வேண்டியதில்லை, மேசையில் ஆடாமல் உட்கார்ந்தால் போதும் என்பதால் இழைப்புளி வேலை நினைப்பதைவிடக் குறைவு. அதுவும் முடியாதவர், தட்டையான ஒட்டுப்பலகையின் மேல் வளைந்த பலகையை வைத்து, எழும்பும் இடங்களில் மெல்லிய ஆப்புகளைச் சொருகிப் பசையால் அசையாமல் நிறுத்தி, இரண்டையும் சேர்த்து நுழைக்கலாம். மேல்முகம் தட்டையாகிவிடும், பிறகு புரட்டி, ஒட்டுப்பலகை இல்லாமல் ஓட்டலாம்.

மின்சாரமும் சீவலும்

1,500 வாட் இயந்திரம் 230 வோல்டில் ஏறக்குறைய 6.5 ஆம்பியர் இழுக்கும். 3 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே அதன் இரட்டிப்பை எட்டும்; கிளம்பும் நொடியில் இன்னும் பல மடங்கு. ஆகவே 16 ஆம்பியர் சாக்கெட்டுக்குத் தனி ஒயர், சரியான எர்த், கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர் ஆகிய மூன்றையும் எலக்ட்ரீஷியனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும்.

சீவல் வரும் அளவு முதல் நாளில் எல்லோரையும் திகைக்க வைக்கும். ஒரு மீட்டர் நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள பலகையில் 1 மி.மீ. எடுத்தால், திட மரமாகவே கால் லிட்டர். சீவலாகச் சுருண்டால் அது பல மடங்கு இடத்தை அடைக்கும். வீட்டு வேக்குவம் கிளீனரின் குழாய் இரண்டு நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். 100 மி.மீ. குழாயுள்ள சீவல் உறிஞ்சியும் பையும் தேவை. இயந்திரத்தின் விலையோடு இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். உறிஞ்சாமல் ஓட்டினால் சீவல் இழுப்பு உருளைக்கு அடியில் சிக்கிப் பலகையில் சிறுசிறு குழிகளாகப் பதியும். அதைவிட முக்கியம் மூச்சு: உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. உறிஞ்சி இருந்தாலும் முகக்கவசம் அணியுங்கள். தேக்குத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தரும்.

ஓட்டுவதற்கு முன்

மேல்மேசை இரண்டு பகுதிகளாக இருக்கும். நீங்கள் நிற்கும் பக்கம் முன்மேசை, உருளையைத் தாண்டி இருப்பது பின்மேசை. பின்மேசை, கத்தி உச்சிக்கு வரும்போது அதன் முனையோடு சமமாக நிற்க வேண்டும். முன்மேசையை எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவு சீவும். பின்மேசை தாழ்ந்திருந்தால் பலகையின் கடைசி முனை முன்மேசையை விட்டு விலகும்போது சரிந்து, அங்கே மட்டும் குழி விழும். உயர்ந்திருந்தால் பலகையின் முன்முனை பின்மேசையின் விளிம்பில் முட்டி நிற்கும், அல்லது சீவச் சீவக் கனம் ஒரு பக்கம் சாயும். இயந்திரம் புதிதாக வந்தாலும் இதை நம்பிக்கையில் விடாமல் சோதித்துவிட வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நேரான ஒரு மரச்சட்டத்தைப் பின்மேசையில், அதன் முனை உருளைக்கு மேல் நீட்டியிருக்குமாறு வையுங்கள். பின்மேசை விளிம்பு தொடும் இடத்தில் சட்டத்தில் பென்சில் கோடு போடுங்கள். உருளையை, சீவும் திசையில், பெல்ட்டைப் பிடித்துக் கையால் மெல்லச் சுற்றுங்கள். கத்தி சட்டத்தை உரசித் தன்னோடு சிறிது தூரம் இழுத்துச் சென்று விட்டுவிடும். மறுபடி கோடு போட்டால் இரண்டு கோடுகளுக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இருக்க வேண்டும். ஒவ்வொரு கத்தியையும் இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடங்களில் பாருங்கள். ஓர் ஓரத்தில் 3 மி.மீ., மறு ஓரத்தில் ஒன்றுமே இல்லை என்றால் கத்தி சாய்ந்து பூட்டப்பட்டிருக்கிறது. கையுறையோடு கத்தியைத் தளர்த்தி, சரிசெய்து, எல்லாத் திருகாணிகளையும் இறுக்கிய பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

வேலைக்கு வரும் உடை பற்றி ஒரு வார்த்தை. வேட்டி, தோளில் துண்டு, தளர்ந்த முழுக்கை, கழுத்துச் சங்கிலி, மோதிரம், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எதுவும் கூடாது. கத்தி மாற்றும்போது மட்டும்தான் கையுறை. ஓடும் உருளைக்குப் பக்கத்தில் அது விரலையும் சேர்த்து இழுக்கும். ரம்பம் அறுத்த விரலைச் சில வேளை தைத்துச் சேர்க்கலாம். இந்த உருளை சதையைச் சீவித் தள்ளிவிடும், சேர்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. பாதுகாப்பு மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஓட்டும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அதைப் பார்த்துக் கற்காதீர்கள்.

ஒரு பலகை, தொடக்கம் முதல்

மூன்றடி நீளம், 7 அங்குல அகலம், 32 மி.மீ. கனமுள்ள வேப்பம் பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 25 மி.மீ. கனத்தில் பெஞ்சுப் பலகையாக வேண்டும். வாங்கும்போதே காய்ந்த மரமாக வாங்கியிருக்க வேண்டும். பச்சை மரத்தை எவ்வளவு நேராக இழைத்தாலும் அடுத்த மாதம் அது தன் வழியில் போகும். காற்றில் காயவைத்தால் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. ஈரமானி வைத்திருந்தால் 12 சதவீதத்தை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். நீளமான மரமாக இருந்தால் தேவையான துண்டுகளாக, இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக விட்டு, முதலிலேயே அறுத்துவிடுங்கள். ஆறடிப் பலகையில் 10 மி.மீ. வளைவு இருந்தால் அதைப் பாதியாக அறுத்த ஒவ்வொரு துண்டிலும் ஏறத்தாழ இரண்டரை மி.மீ. மட்டுமே இருக்கும். சீவலாகப் போகும் மரம் அந்த அளவுக்கு மிச்சம்.

குழிந்த முகம் கீழே இருக்குமாறு பலகையை முன்மேசையில் வையுங்கள்; இரண்டு ஓரங்களும் மேசையில் அமர்ந்து ஆடாமல் நிற்கும். புடைத்த முகத்தைக் கீழே வைத்தால் ஒவ்வொரு தள்ளலிலும் அது வேறு பக்கம் சாயும். அடிமுகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிவிடுங்கள். கத்தி தொடாத இடம் எது என்று பிறகு தானே தெரியும்.

அடுத்தது நாரோட்டம். மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் எழும்பும்; மரமும் அதேதான். பலகையின் பக்க விளிம்பைப் பார்த்தால் நார்க்கோடுகள் ஏதோ ஒரு பக்கம் சரிந்திருக்கும். அந்தக் கோடுகள் உங்கள் பக்கம், அதாவது பின்முனையை நோக்கி வரும்போது, கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். எதிராக இருந்தால் பலகையை முனை மாற்றி வையுங்கள்.

முன்மேசையை 1 மி.மீ. இறக்குங்கள். மூடியைப் பலகையின் கனத்துக்கு மேல் ஒரு மயிரிழை இருக்கும்படி தாழ்த்துங்கள். உருளை முழு வேகத்துக்கு வரும்வரை காத்திருந்து, தள்ளுகட்டையால் ஒரே சீராகத் தள்ளுங்கள். கீழ்நோக்கி அழுத்த வேண்டாம்; அழுத்தினால் வளைவு தற்காலிகமாக மறைந்து, கையை எடுத்ததும் திரும்பிவிடும். பலகையின் முன்பகுதி ஒரு சாண் பின்மேசைக்குப் போனதும் உங்கள் கையின் பாரம் பின்மேசைக்கு மாற வேண்டும். இனி பலகைக்கு ஆதாரம் அந்தப் புதிதாகச் சீவிய முகம்தான். கை மூடியைத் தாண்டிப் போகலாம். உருளைக்கு மேலே பலகையை அழுத்திக்கொண்டு நிற்கக் கூடாது. முதல் தள்ளலில் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கும். ஓரங்களை மட்டும் தொடுகிறது என்று பொருள். மூன்றாவது நான்காவது தள்ளலில் சத்தம் முனைக்கு முனை ஒரே சீராக மாறும். புரட்டிப் பார்த்தால் பென்சில் கிறுக்கல் முழுதும் போயிருக்கும். டைல்ஸ் தரையில் போட்டு மூலைகளைத் தட்டிப் பாருங்கள், டக் டக் என்று ஆடக் கூடாது. அந்த முகத்தில் ஒரு குறி போட்டுவிடுங்கள்.

பிறகு குறி போட்ட முகத்தை ஃபென்ஸில் ஒட்டி, ஒரு விளிம்பைச் சீவுங்கள். ஃபென்ஸ் 90 பாகையில் இருக்கிறதா என்று மூலைமட்டத்தால் முன்பே சரிபாருங்கள். அதன் அளவுகோலை நம்ப வேண்டாம். ஒரு அடிக்குக் குறைந்த துண்டுகளை மேல்மேசையிலும் ஓட்டாதீர்கள், திக்னஸரிலும் ஓட்டாதீர்கள். முன்னதில் மரம் கவிழ்ந்து கை கத்தியில் போய்விடும். பின்னதில் ஓர் இழுப்பு உருளையை விட்டு மற்றதைப் பிடிக்குமுன் நடுவில் சிக்கும். சிறு துண்டு வேண்டுமென்றால் நீளமாக இழைத்து, கடைசியில் அறுங்கள்.

இப்போது திக்னஸருக்கு மாற வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, ஃபென்ஸை எடுத்து, மேல்மேசைகளை மடக்கி, சீவல் மூடியைப் புரட்டி, கீழ்மேசையை ஏற்றுங்கள். இணைந்த இயந்திரத்தில் திக்னஸருக்குள் மரம் எதிர்ப்பக்கத்திலிருந்து, அதாவது பின்மேசைப் பக்கத்திலிருந்து நுழையும். இதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. மேலே சீவி முடித்துப் பின்மேசைப் பக்கம் போன பலகையைப் புரட்டாமலும் முனை மாற்றாமலும், கிடந்த கிடையிலேயே கீழே திருப்பி அனுப்புங்கள். சீவிய முகம் கீழே, சீவாத முகம் மேலே, நாரோட்டமும் தானாகவே சரியான திசையில். பலகைகளை அடுக்கும்போது இந்த ஒழுங்கைக் கலைக்காமல் வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றையும் எடுத்து நார் பார்க்கும் வேலை மிச்சம்.

கனத்தை வெர்னியரால் அளந்து, பலகையின் மிகக் கனமான இடத்துக்கு ஏற்ப மேசையை நிறுத்துங்கள். மெல்லிய இடத்தை அளந்து அமைத்தால் நடுவில் சிக்கி நிற்கும். 7 அங்குல அகல வேம்புக்கு ஒரு தடவைக்கு 1 மி.மீ. போதும். வேம்பு, வேங்கை போன்றவற்றில் நார் பட்டை பட்டையாகத் திசை மாறிப் பின்னியிருக்கும். எந்தப் பக்கம் விட்டாலும் ஏதாவது ஒரு பட்டை பிய்யும். கடைசித் தடவைகளை அரை மி.மீ.க்கும் குறைவாக எடுப்பதும், மேல்முகத்தை ஈரத்துணியால் லேசாகத் துடைத்துவிட்டு ஓட்டுவதும் உதவும். அப்படியும் பிய்ந்தால் மீதியை உப்புத்தாளுக்கு விட்டுவிடுங்கள்.

மரம் நுழையும் வாய்க்கு நேரே நிற்காமல் ஓரமாக நில்லுங்கள். திருப்பி அடிக்காமல் தடுக்கும் இரும்பு நகங்கள் வாயில் தொங்குகின்றன. அவை பிசினில் ஒட்டாமல் தாராளமாக ஆடுகின்றனவா என்று அவ்வப்போது விரலால் தட்டிப் பாருங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். உள்ளே எட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், கூடாது.

பலகையின் இரு முனைகளிலும் இரண்டு அங்குல அளவுக்கு லேசான குழி விழுவது திக்னஸர்களின் பிறவிக் குணம். ஓர் இழுப்பு உருளை மட்டும் பிடித்திருக்கும்போது முனை சற்றே எழும்புவதால் அது வருகிறது. உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் எதிர் முனையைக் கையால் சிறிது உயர்த்திப் பிடித்தால் குறையும். பல பலகைகளை இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் முதலும் கடைசியும் மட்டுமே கெடும். முன்பு கூடுதலாக விட்ட இரண்டு மூன்று அங்குலம் இதற்கும் சேர்த்துத்தான்.

26 மி.மீ. வந்ததும் நிறுத்திவிடுங்கள். பலகையைப் படுக்கப் போடாமல் சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி இரண்டு நாள் வையுங்கள். உள்ளே இருந்த இறுக்கம் விடுபட்டு மரம் சிறிது அசையும். பிறகு நேராக இருக்கிறதா என்று பார்த்து, அசைந்திருந்தால் மேல்மேசையில் ஒரு தடவை தொட்டுவிட்டு, மீதி 1 மி.மீ.யை இரண்டு முகங்களிலும் ஏறத்தாழச் சமமாக எடுங்கள். முகத்தைப் புரட்டும்போது முனையையும் மாற்றுங்கள், இல்லையென்றால் எதிர் நாரில் போகும். கனம் முடிந்தபின் ரம்பத்தில் அகலம், கடைசியில் நீளம்.

பழைய மரம்

காரைக்குடிப் பக்கம் இடித்த வீடுகளின் தூண்களும் உத்திரங்களும் விற்பனைக்கு வருகின்றன. பர்மாத் தேக்கு, பல பத்தாண்டு காய்ந்தது, ஆசைப்படாமல் இருக்க முடியாது. ஆனால் உள்ளே தலை உடைந்த ஆணிகள் இருக்கும். ஒரு சிறிய ஆணி போதும், கத்தியின் முனை பல்லுடைந்து அதற்குப்பின் ஓட்டும் ஒவ்வொரு பலகையிலும் நெடுக ஒரு வரப்பு எழும்பும். கையடக்க உலோகங்காட்டியால் நான்கு முகங்களையும் தடவி, சிணுங்கும் இடத்தில் உளியால் தோண்டி எடுத்துவிட்டுத்தான் இயந்திரத்தின் பக்கம் கொண்டுவர வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதைத் தூளாக்கிப் பறக்கவிடாதீர்கள். முதலில் சுரண்டி எடுங்கள். கம்பித் தூரிகையால் மண்ணையும் தட்டுங்கள். தேக்கில் இயல்பாகவே மணல்சத்து உண்டு, அதனால் மற்ற மரங்களைவிட விரைவில் கத்தியை மழுக்கும்.

கத்தி மழுங்கியதைச் சொல்ல அளவுகோல் வேண்டாம். சத்தம் கனக்கும், தள்ளக் கூடுதல் பலம் வேண்டும், முகம் பளபளப்பாகத் தேய்ந்ததுபோல் வரும், சீவல் சுருளாக வராமல் தூளாக வரும். மாற்றுச் செட் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். சாணை பிடிக்கக் கொடுக்கும்போது இரண்டையோ மூன்றையோ ஒன்றாகக் கொடுத்து, ஒரே அளவுக்குத் தேய்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் குறுகினால் உருளை எடை தவறி அதிரும். கடலோர ஊர்களில் வார்ப்பிரும்பு மேசை ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். மெழுகைத் துணியில் எடுத்துப் பூசித் துடைத்தால் துருவும் பிடிக்காது, மரமும் வழுக்கிப் போகும். சிலிக்கான் ஸ்ப்ரே மட்டும் வேண்டாம்: மரத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு பாலிஷ் போடும்போது அங்கங்கே பிடிக்காமல் கண் கண்ணாக விடும்.